தேவாலாவில் பொன் தேடியவர்களின் சுவடு

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகப் பந்தலூர் செல்லும் பேருந்தில் தேவாலாவில் இறங்குபவர்கள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களே. ஊர் சுற்ற வருபவர்கள் ஊட்டியோடு நின்றுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான இவ்வூருக்கு நான் சென்றது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் முதலீட்டாளர்களைப் பித்துப் பிடிக்கவைத்த தங்கச் சுரங்கங்களில் இன்று என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கத்தான்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வழிகாட்ட முன்வந்தார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் அவருடையது. மழை விட்ட மறுநாளே கிளம்பியது என் அவசரபுத்தி. அரை மணி நேரத்தில் இரண்டு கால்களிலும் அட்டைகள் ஏறிவிட்டன.

தேயிலைச் சரிவு முடிந்து காடு தொடங்கும் இடத்தில், பெரணிச் செடிகளுக்குப் பின்னால், ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சுரங்க வாய் இருந்தது. பாறைச் சுவரில் உளி பட்ட தடங்கள் சாய்கோடுகளாகத் தெரிந்தன. தரையில் துரு நிறத்தில் நீர் தேங்கிக் கிடக்க, உள்ளிருந்து வௌவால் எச்சத்தின் நெடி வீசியது. நான் ஓரடி எடுத்து வைத்ததும், "உள்ளே போகாதீங்க தம்பி, செங்குத்தாக் குழி இருக்கும், தண்ணியில தெரியாது" என்று அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

இங்குள்ள பழங்குடிகளான பணியர்களும் குறும்பர்களும் இந்த ஓடைகளில் மண்ணை அரித்துப் பொன் எடுத்தது வெள்ளையர் வருகைக்கு முந்தைய கதை. 1870களில் இலைநோய் தாக்கிக் காப்பித் தோட்டங்கள் நொடித்துக்கொண்டிருந்த வேளையில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த பிரோ ஸ்மித்தை 1879இல் அரசு வரவழைத்தது. அவர் 1880இல் நம்பிக்கை ததும்ப அளித்த அறிக்கையைக் காட்டி லண்டனில் கம்பெனிகள் வரிசையாகத் தொடங்கப்பட, காப்பி விளையாத நிலமெல்லாம் தங்க நிலமாக விலைபோனது. தோட்டக்காரர்களுக்கு இதைவிட நல்ல காலம் வாய்த்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. கல்லை இடிக்கும் இயந்திரங்கள் மலையேறின. ஆனால் ஒரு டன் கல்லில் கிடைத்த பொன் செலவுக்கே கட்டவில்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் எல்லாம் ஓய்ந்தது. இதே மோகத்தில் கோலாருக்குப் போன பணமோ அங்கே உண்மையிலேயே தங்கத்தைக் கண்டது. அச்சுரங்கம் 2001 வரை ஓடியது.

கழிவுக் கல் குவியலில் ஒரு வெண்கல்லை எடுத்தேன். பழுப்புக் கறை படிந்த அதன் விரிசலில் மஞ்சளாக ஏதோ மின்னியது. பெரியவர் அதை வாங்கித் தம் உடலின் நிழலில் திருப்பிக் காட்டினார், மினுக்கம் அணைந்துவிட்டது. பொன்னாக இருந்தால் எப்பக்கம் திருப்பினாலும் அதே மஞ்சள் தெரியுமாம், இது வெறும் இரும்புக் கந்தகக் கல்.

திரும்பும் வழியில், இலைதழை போட்டு மூடிய ஒரு குழியைக் கண்டேன். இப்பகுதியில் அனுமதியின்றித் தோண்டியவர்கள் மண் சரிந்து இறந்த செய்திகள் அவ்வப்போது வருவதுண்டு. குழியின் விளிம்பில் ஈரம் காயாத செம்மண்ணும், கயிறு கட்டிய ஒரு பிளாஸ்டிக் வாளியும் கிடந்தன. பெரியவர் கண்டும் காணாதவர்போல் நடையை எட்டிப் போட்டார்.