அறக்கட்டளைப் பணமும் அவதூறு வழக்கும்

கடலூரில் நாங்கள் நடத்திவரும் சிறிய அறக்கட்டளையின் ஊழியர் ஒருவர், தம்மீது அவதூறு பரப்பியவரிடம் இழப்பீடு கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் தொடுத்துள்ள வழக்கின் செலவை அறக்கட்டளையே ஏற்க வேண்டும் என்ற தீர்மானம் நேற்றைய கூட்டத்தில் வந்தபோது, நான் எதிர்த்து வாக்களித்தேன். அவருடைய நேர்மையில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அவர் பட்ட வேதனையை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

களப்பணியில் எழுதிய அறிக்கைக்காக அவர்மீது யாரேனும் குற்றவியல் வழக்குப் போட்டிருந்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள அந்த வழக்கில் அவரைத் தனியே விடுவது துரோகம் என்று முதல் ஆளாக நானே சொல்லியிருப்பேன். இங்கே வழக்காளி அவர். வென்றால் கிடைக்கும் தொகையும் அவருக்கே உரியது. நோக்கத்துக்குப் புறம்பான செலவு, அறக்கட்டளையின் வருமான வரி விலக்குக்கும் ஆபத்து.

தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர் மாதந்தோறும் தரும் 100 ரூபாய், ஈரம் காயாத பத்து ரூபாய்த் தாள்களாகவே வரும். ரசீதில் ‘பிள்ளைகள் படிப்புக்கு’ என்று எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்தும் காட்டச் சொல்வார். அந்தப் பணத்திலிருந்து வழக்கறிஞர் கட்டணத்துக்குக் காசோலை எழுத எனக்குக் கை வரவில்லை.

என் சொந்தப் பணத்தில் 5,000 ரூபாயை இன்று காலை அவரிடம் கொடுத்தேன். உதவ விரும்பும் நண்பர்களும் அவரிடமே நேரில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.