ஹாமர் முருகைக்கு ஏற்ற நீரோட்டம்: எட்டு வாரக் குறிப்பு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் கடல்நீர்த் தொட்டி மூன்றடி நீளம். கல்லும் மணலும் பிடித்த இடம் போக, 140 லீற்றர் தண்ணீர் நிற்கிறது. அதில் நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது ஒரு ஹாமர் முருகையை, அதாவது கைகளின் நுனி சுத்தியல் போலிருக்கும் ஒரு பவள உயிரை. நண்பர் ஒருவர் தம் தொட்டியில் கிளைத்து வளர்ந்ததிலிருந்து இரண்டு தலைகளை, அதாவது தனித்தனி வாயுள்ள இரண்டு கிளை நுனிகளை, வெட்டித் தந்தார். நம் நாட்டில் கடலிலிருந்து உயிர் முருகைக்கல்லைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம். இப்படித் தொட்டிக்குத் தொட்டி கைமாறுவதே நேர்மையான வழி.

முதல் இரண்டு வாரமும் அது நன்றாகவே விரிந்தது. மூன்றாம் வாரம் ஒரு மாலை, ஒரு தலையின் இடப்பக்கச் சதை உரிந்து, அடியிலிருந்த சுண்ணாம்பு விளிம்பு நகப்பிறை அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. உப்பளவு ஆயிரத்துக்கு 35, வெப்பநிலை 27 பாகை, எல்லாம் சரியாகவே இருந்தன. அலை மோட்டரை நிறுத்திப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் சுருங்கிக் கிடந்த கைகள் மெல்ல நீண்டன. நீரோட்டம்தான் காரணம் என்று அப்போது விளங்கியது.

ஹாமரின் சதை பஞ்சு போல ஊதி நிற்பது. அதற்குள்ளே இருக்கும் எலும்புக்கூட்டின் தகடுகளோ கத்தி விளிம்பு போன்றவை. ஒரே திசையிலிருந்து தண்ணீர் ஓயாமல் தள்ளினால் சதை அந்த விளிம்பில் அழுந்தி அறுபடுகிறது. மணிக்கு 4000 லீற்றர் தள்ளும் ஒற்றை மோட்டரை நான் நேராக அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். தொட்டி நீரைப்போல் 28 மடங்கு! குச்சி குச்சியாகக் கிளைக்கும் அக்ரோபோரா வகைகள் இதையும் தாங்கும், இதற்கு மேலும் கேட்கும். ஹாமர் தாங்காது.

மோட்டரின் வேகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தேன். அது அடுத்த பிழை. முருகை விரிந்தது உண்மைதான். ஆனால் பத்து நாளில் பின்பக்கக் கற்களில் சிவப்புப் படலம் படர்ந்தது, மீன் கழிவு மூலைகளில் தூசியாகப் படிந்தது. அதைவிடப் பயமுறுத்தியது, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதுதான். சூடான தண்ணீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். இரவில் முருகைக்குள் வாழும் பாசியும் உயிர்வளி தராது, எல்லா உயிர்களும் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். கொழும்பில் பகலில் அறை 31 பாகை வரை ஏறுகிறது. சிறு மின்விசிறிகள் இரண்டை வைத்துத்தான் தண்ணீரை 27, 28இல் நிறுத்துகிறேன். ஆகவே இங்கே நீரோட்டத்தை வெறுமனே குறைப்பது தீர்வாகாது. மேற்பரப்பு எப்போதும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஐந்தாம் வார ஞாயிறு மாலை தங்கையின் மகனோடு மரைன் டிரைவ் பக்கம் போனேன். ரயில் பாதைக்கு அப்பால், பாறைகளில் ஒட்டியிருந்த பச்சைப் பாசியைக் காட்டி, "மாமா, இது தலையாட்டுகிறது" என்றான். நின்று பார்த்தேன். அலை வரும்போது பாசி கரைப்பக்கம் சாய்ந்தது, ஒரு கணம் நிமிர்ந்து நின்றது, பிறகு கடல்பக்கம் சாய்ந்தது. போய்வர ஏறத்தாழ பத்து விநாடி. அத்தனை வேகத்திலும் அது கிழியவில்லை. நடுவில் அந்த ஒரு கணம் அதற்கு ஓய்வு கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் பழைய மோட்டரைக் கழற்றினேன். மணிக்கு 3000 லீற்றர் வகையில் இரண்டு வாங்கி, இடமும் வலமுமாக, இரண்டையும் முன் கண்ணாடியை நோக்கிச் சாய்த்து வைத்தேன். கண்ணாடியில் மோதிச் சிதறிய தண்ணீர்தான் முருகையை அடைகிறது. கன்ட்ரோலரில் இடப்பக்கம் ஐந்து விநாடி, இரண்டு விநாடி நிறுத்தம், பிறகு வலப்பக்கம் ஐந்து விநாடி. வேகம் அறுபது வீதம். இரவில் நிறுத்தம் இல்லை. சம்பிலிருந்து (தண்ணீரை வடிகட்டும் கீழ்த்தொட்டி) திரும்பிவரும் குழாயின் வாயை மேற்பரப்பை நோக்கித் திருப்பிவிட்டேன்.

நீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க ஒரு சிட்டிகை மீனுணவைப் பொடித்துத் தூவினேன். கண்ணாடியோடு கண் வைத்து அந்தத் துகள்களைப் பின்தொடர்வதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. வலப்பக்கப் பின்மூலையில் துகள்கள் சுழன்று சுழன்று இறங்கின. அங்கிருந்த கல்லை நாலு விரற்கடை முன்னால் இழுத்தேன், தேக்கம் தீர்ந்தது. காளான் முருகைகளை அந்தக் கல்லின் மறைவில் வைத்தேன். அவற்றுக்கு அந்த மந்தமே பிடிக்கிறது.

இப்போது எட்டாம் வாரம். சிவப்புப் படலத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்தபின் அது திரும்பவில்லை. ஹாமரின் கைகள் ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, மறுபக்கம் சாய்கின்றன. நுனியில் உள்ள சுத்தியல் வடிவம் தண்ணீர் ஓய்ந்த அந்த இரண்டு விநாடியில்தான் தெளிவாகத் தெரிகிறது. வெள்ளை விளிம்பின் ஒரு முனையில் மெல்லிய சதை ஏறத் தொடங்கியிருக்கிறது. மற்றத் தலையின் வாய் நீண்டு, நடுவில் இடுங்கியிருக்கிறது. அது இரண்டாகப் பிரியும்வரை கன்ட்ரோலரில் கை வைக்கப்போவதில்லை.