தாளுக்கு உரிமை, தைத்த சட்டைக்கு?

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தையல் யூனிட்டுக்குத் துணி கோயம்புத்தூரிலிருந்து வரும், ஆர்டர் பாலக்காடு, திருச்சூர் கடைகளிலிருந்து வரும். சில வருடங்களாகப் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவுத் தாள், மட்டும் கடல் தாண்டி வருகிறது. குழந்தை ஃபிராக், துணி முயல், தோள்பை எல்லாவற்றுக்கும் வெளிநாட்டு டிசைனர்கள் பிடிஎஃப் விற்கிறார்கள். வாங்கி ஏ4 தாள்களில் அச்சடித்து, ஓரத்தில் இருக்கும் சோதனைக் கட்டம் அளவு சரியாக வந்திருக்கிறதா என்று டேப் வைத்துப் பார்த்து, தாள்களை ஒட்டி வெட்டினால் போதும், வேலை தொடங்கிவிடும். என்னிடம் தைக்க வரும் பெண்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கேட்டுவிடுவார்கள்: "ஏனுங்கக்கா, இதை வெச்சுத் தைச்சதை விக்கலாமுங்களா?"

கேள்வி வருவதற்குக் காரணம் உண்டு. சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் மாதிரியான பழைய அமெரிக்கக் கம்பெனிகளின் உறையிலேயே, வீட்டில் சொந்த உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்கு அல்ல என்று அச்சடித்திருப்பார்கள். பிடிஎஃப் விற்கும் டிசைனர்கள் ஆளுக்கு ஒரு விதம். சிலர் தாராளமாக விற்றுக்கொள் என்பார்கள். சிலர் உன் கையால் தைத்ததைக் கொஞ்சமாக விற்கலாம், என் பெயரைப் போடு என்பார்கள். சிலர் அதற்குத் தனி லைசென்ஸ் விற்கிறார்கள்.

இதில் நான் புரிந்துகொண்டது இதுதான். பேட்டர்ன் தாளில் இருக்கும் வரைபடம், செய்முறை எழுத்து, படங்கள் எல்லாம் எழுதியவருக்கே சொந்தம். நகலெடுத்து விற்கவோ பகிரவோ நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதைப் பார்த்துத் தைத்த சட்டை அந்தத் தாளின் நகல் ஆகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு கணக்குப் புத்தக வழக்கில் இதே தர்க்கத்தைச் சொன்னது: புத்தகத்துக்குப் பதிப்புரிமை உண்டு, அதில் விளக்கிய கணக்கு எழுதும் முறை யாருக்கும் தனிச்சொத்து இல்லை. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இன்னும் நேராகத் துணிக்கடைக்கே வருகிறது. டிசைன் சட்டத்தில் பதிவு செய்யக்கூடிய ஒரு வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் ஐம்பதுக்கு மேல் அதை உருவாக்கிவிட்டால், அந்த வடிவமைப்பில் பதிப்புரிமை முடிந்துவிடும். பதிவு செய்திருந்தால் 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தின்படி பத்து வருடம், நீட்டித்தால் இன்னும் ஐந்து வருடம் பாதுகாப்பு. அந்தக் காலத்துக்குள் அதே வடிவில் தைத்து விற்றால் குற்றம் நம் மேல்தான். துணிப் பொம்மை கொஞ்சம் வேறு விஷயம். அதன் முகமே ஒரு கலைப்படைப்பாகக் கருதப்பட இடமிருக்கிறது. கார்ட்டூன் உருவம் என்றால் டிரேட்மார்க்கும் சேர்ந்துகொள்ளும், அந்தப் பக்கமே நான் போவதில்லை.

அப்புறம் லைசென்ஸ். காசு கட்டும் முன்னால் காட்டி, நாம் சம்மதித்து அழுத்திய நிபந்தனை ஒப்பந்தம். பதிப்புரிமை சட்டையைத் தொடாவிட்டாலும் நாம் கொடுத்த வாக்கு நம்மைத் தொடும்.

சட்டம் இடம் கொடுத்தாலும் நான் டிசைனரின் நிபந்தனையை மதிப்பதற்குக் காரணம் வேறு. அளவு கூட்டிக் குறைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். ஆறு மாதக் குழந்தையின் ஃபிராக்கைச் சுற்றிலும் அரை அங்குலம் கூட்டினால் இரண்டு வயது ஃபிராக் வராது. கைக்குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. கழுத்தைச் சின்னதாக வைத்தால் சட்டை தலையில் நிற்கும், பெரிதாக வைத்தால் தோளில் வழியும். அதனால் பின்பக்கம் திறப்பு வைத்து, பட்டன் பட்டியின் அகலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நடக்கத் தொடங்கியதும் வயிறு முன்னால் தள்ளும், முன்பாகத்தின் நீளம் மாறும். ஒவ்வொரு அளவையும் தைத்து, குழந்தைக்குப் போட்டுப் பார்த்து, திருத்தி மறுபடி வரைந்தால்தான் அந்தத் தாள் வரும். எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையற்காரர் 1863இல் அளவுவாரியான காகிதப் பேட்டர்னை விற்கத் தொடங்கினார். அன்று அவர் விற்றதும் இந்த உழைப்பைத்தான். அதனால்தான், "வாட்ஸ்அப்லயே வந்துருச்சுங்கக்கா, சும்மாதானே" என்று யாராவது பிடிஎஃப் நீட்டினால் எனக்குக் கோபம் வருகிறது. தைத்ததை விற்கலாமா என்று தயங்குகிற அதே பெண் தாளை மட்டும் தயங்காமல் அனுப்புகிறாள். உண்மையில் தவறு அங்கேதான் இருக்கிறது.

ஓணத்துக்கு முன்னால் திருச்சூர்க் கடைக்காரர் ஒருவர் ஒரு ஃபிராக் மாதிரியைப் பார்த்துவிட்டு நூற்றுக்கணக்கில் கேட்டார். நான் வாங்கியிருந்த லைசென்ஸ் கையால் கொஞ்சம் தைத்து விற்க மட்டும். டிசைனருக்கு எழுதிக் கேட்டேன். பீஸ் ரேட்டில் ஆள் வைத்துத் தைக்க விருப்பமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. சரி என்று எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் போனேன். அவர் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. "அளவு சொல்லு அம்மிணி, நம்ம புள்ளைகளுக்கு நாமே போடலாம்" என்று பிரவுன் பேப்பரில் புதிதாக வரைந்தார். வட்ட யோக்கும் (கழுத்தைச் சுற்றி வரும் மேல்துண்டு) சுருக்கு வைத்த பாவாடையும் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அந்த டிசைனரின் அடையாளமான இலை வடிவப் பாக்கெட்டை மட்டும் நாங்கள் தொடவில்லை.

சரக்கு போன பிறகு கடைக்காரர், "சேச்சி, ஆ பேப்பரின்றெ போட்டோ ஒந்நு அயக்குமோ?" என்று கேட்டார். மாஸ்டர் வரைந்த தாளைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம், வேறு யூனிட்டில் கொடுத்துத் தைக்க. அந்தத் தாள் என்னுடையதுகூட இல்லை. மாஸ்டர் என்னிடம் சம்பளத்துக்கு இருப்பவர் அல்ல, வரைந்தவர் அவர், முதல் உரிமையும் அவருக்கே. அவரிடம் கேட்டேன். விற்க அவருக்குச் சம்மதம்தான், ஆனால் போட்டோவாக இல்லை. பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்கம் எழுதினோம்: எந்தெந்த அளவு, எத்தனை காலம், எவ்வளவு தொகை, மாஸ்டரின் பெயர் டேக்கில் வர வேண்டும் என்று. கடைக்காரர் தொகையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மாஸ்டர் தொகையில் கொஞ்சம் இறங்கத் தயார், பெயரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். நானும் அவர் பக்கம்தான்.