பன்னிரண்டு இருபது

முக்கூடல் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் நடத்தத் தொடங்கிய காலத்தில், கேள்வியையும் நானே கேட்டு விடையையும் நானே சொல்லிவிடுவேன். பாடம் முடிய வேண்டுமே! பிள்ளைகளும் கூடச் சேர்ந்து ராகம் போட்டுச் சொல்வார்கள். வகுப்பு நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நினைப்பைக் கெடுத்தது ஒரு நிழல். ஆண்டில் இரண்டு நாள் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. நெல்லைச் சீமைக்கு அது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் வரும். ஓர் ஏப்ரலில் எட்டாம் வகுப்பை மைதானத்தில் நிறுத்தி, சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பார்க்கச் சொன்னேன். நிழல் போகவில்லை. மேற்கே நாலைந்து விரற்கடை நீளத்துக்குக் கிடந்தது. குச்சி கோணல் என்று சொல்லிச் சமாளித்து, எல்லாரையும் சாப்பிட அனுப்பிவிட்டேன்.

தட்டை எடுக்கப் போகாமல் அங்கேயே நின்ற ஒரு பையன் சற்று நேரத்தில் ஓடிவந்தான். "சார், நிழல் இப்போதுதான் போனது." கடிகாரத்தில் மணி 12.20. "நண்பகல் என்றால் பன்னிரண்டுதான், போய்ச் சாப்பிடு" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இரவு தாளில் போட்டுப் பார்த்தேன். இந்தியாவின் நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு ஓடுகிறது. நாங்கள் இருப்பது ஏறத்தாழ 77½ பாகையில். மேற்கே தள்ளியிருக்கிற ஒவ்வொரு பாகைக்கும் சூரியன் உச்சிக்கு வர நான்கு நிமிடம் பிந்தும். ஐந்து பாகைக்கு இருபது. பையன் சொன்னது அச்சாகச் சரி. சமூக அறிவியலில் இதே பாடத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்தான் அவர்கள். கணக்கு நோட்டும் அறிவியல் நோட்டும் புவியியல் நோட்டும் ஒரே பையில் கிடந்தும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததில்லை. என் பையிலும் அப்படித்தான்.

அதன்பிறகு எந்தச் சோதனைக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதச் சொல்கிறேன். பேனாவால், அழிக்கக் கூடாது. முதல் சில வாரங்கள் பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தார்கள். தப்பாக இருந்தால் மார்க் குறையுமா என்று ஒருத்தி கேட்டாள். 2022 நவம்பரில் அரசுப் பள்ளிகளுக்கென்று தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றத்தில் கருவிகளோடு வந்து அறிவியல், கணக்குச் சோதனைகளைச் செய்து காட்டுகிறார்கள், நல்ல காரியம். ஆனால் முன்கூட்டி எழுதிவைக்காத வகுப்பில் கைதட்டல் மணியோடு முடிந்துவிடுகிறது என்பது என் கட்சி.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் சுளகு, அதாவது முறம், இருக்கும். ஆயிரத்தை 25ஆல் வகுக்கத் திணறிய ஒருத்தியிடம், 25 பீடி ஒரு கட்டு என்றால் ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு என்று கேட்டேன். நாற்பது என்று உடனே சொன்னாள். இரண்டு கட்டைக் கழிவென்று ஒதுக்கினால் நூற்றுக்கு ஐந்து போச்சு என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளை சுளகுப் பக்கமே உட்காரக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவளுக்குக் கணக்கு வராது என்று அட்டையில் எழுதியது என் கைதான்.

ஏப்ரலில் தேர்வு குறுக்கே வருவதால் நிழல் பார்ப்பதை இப்போது ஆகஸ்டுக்கு மாற்றிவிட்டோம். பத்து நாள் முன்பிருந்தே, ஒரு மீட்டர் குச்சியின் 12.20 மணி நிழலை அளக்கிறார்கள். அப்போது சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் அது தெற்கே விழுவதைக் கண்டே பலர் வாயடைத்துப் போகிறார்கள். நாளுக்கு ஆறு மில்லிமீட்டர் அளவில் குறைந்துகொண்டே வரும். போன முறை, அன்றைக்கென்று பார்த்து மேற்கு மலையிலிருந்து சாரல் மேகம் வந்து மூடிக்கொண்டது. நான் சலித்துக்கொண்டு நாற்காலியை மடக்கினேன். அவர்களோ வரைபடத் தாளில் கோட்டை நீட்டி, அது சுழியைத் தொடுவது 30ஆம் தேதியா 31ஆம் தேதியா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு நாளைக்குக் குச்சியைப் பிடுங்க வேண்டாம் என்றாள் ஒருத்தி. நிழல் வடக்கே திரும்பியதும் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடுமாம்.