மேல்வரிசையில் ஒரு சந்து

அக்டோபர் 20, 2024, ஞாயிறு

சரஸ்வதி பூஜையன்று பள்ளியில் எடுத்த படத்தை இன்றுதான் குழுவில் போட்டார்கள். எல்லோரும் சிரிக்கிறோம். என் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து தெரிகிறது. நிழலோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன். நிழல் இல்லை. பீரோவைத் திறந்து, நான்கு வருடம் முன்பு தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்த படத்தைத் தேடி எடுத்தேன். அதில் இரண்டு பல்லும் ஒட்டித்தான் இருக்கின்றன. இப்போது இடப்பக்கத்துப் பல் கொஞ்சம் முன்னால் வந்து, கொஞ்சம் கீழேயும் இறங்கியிருக்கிறது. 47 வயதில் பல் இடம் மாறுமா?

அக்டோபர் 21

நாக்கு அந்தப் பல்லை விட்டு வரமாட்டேன் என்கிறது. தள்ளினால் அசைகிறதா, இல்லை நானாக நினைத்துக்கொள்கிறேனா?

அக்டோபர் 23

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் கொய்யாப்பழம் கொடுத்தார்கள். கடித்துவிட்டுக் கையில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைச் சதையில் பல் பதிந்த இடத்தில் மெல்லிசாகச் சிவப்பு. யாரும் பார்க்கும் முன் அந்த இடத்தையும் கடித்து விழுங்கிவிட்டேன்.

வலி கொஞ்சமும் இல்லை.

ரத்தம் புதிதில்லை. பாப்பா ஆறாவது படித்தபோதே பிரஷ்ஷில் சிவப்பு வரும். இப்போது அவள் காலேஜ் இரண்டாம் வருடம். ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டேன், புண்ணுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து. மூன்று வருடம் முன்பு கடைவாய்ப்பல்லை அடைக்கப் போனபோது ரத்தம் வருவதையும் சொன்னேன். பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். மாற்றினேன். அதோடு மறந்தேன்.

அக்டோபர் 26, சனி

மஞ்சக்குப்பத்தில் புது டாக்டர், சின்ன வயது. வாயைத் திறந்ததும் சந்தைப் பார்க்கவில்லை, ஈறைத்தான் பார்த்தார். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, எண் எண்ணாகச் சொல்ல, பக்கத்தில் நின்ற பெண் எழுதிக்கொண்டாள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். எனக்கு 28 பல். மொத்தம் 168 எண்.

மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, மூன்று, நான்கு. மதிப்பெண் வாசிப்பதைப் போலவே இருந்தது, ஆனால் இங்கே குறைந்தால்தான் நல்லது. மூன்று மில்லிமீட்டர் வரை சரி. நான்கிலிருந்து கவனிக்க வேண்டும். அந்தப் பல் வந்தது. ஐந்து, நான்கு, ஏழு. ஏழு என்றதும் எழுதுகிற பெண் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். 168 இடத்தில் 74 இடத்தில் ரத்தம்.

எக்ஸ்ரேயில் காட்டினார். பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பு, அந்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டது. பிடிமானம் குறைந்ததால்தான் பல் தள்ளிப்போகிறது. நான் சந்து என்று பார்த்தது கடைசியில் தெரிந்த விஷயம். ரத்தம்தான் முதல் விஷயம். பல்லின் ஓரத்தில் படிகிற மெல்லிய படலத்தைத் தினமும் எடுக்காவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் விடும்; அந்த நிலையில் சுத்தம் செய்தால் முழுதாகத் திரும்பிவிடும். விட்டால் அது காரையாக இறுகி ஈறுக்குக் கீழே போகும். ஈறு பல்லை விட்டு விலகும், எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது.

"வலிச்சிருந்தா வந்திருப்பேன் டாக்டர்" என்றேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க டீச்சர்" என்றார்.

பாண்டியில் ஈறுக்கென்றே படித்த டாக்டரம்மா ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சுகர் டெஸ்டும் எழுதியிருக்கிறார், மூன்று மாதச் சராசரி.

அக்டோபர் 27

ஐந்து, நான்கு, ஏழு.

அக்டோபர் 31, தீபாவளி

அதிரசம் மட்டும் சாப்பிட்டேன். முறுக்கைக் கடைவாயில் உடைத்துக்கொண்டேன். "என்ன, கிழவி மாதிரி சாப்பிடறே" என்று அம்மா கேட்டாள். 74 வயதில் அவள் எள்ளடையைக் கடிக்கிற சத்தம் கூடம் வரை கேட்கிறது.

அப்பாவுக்கு 50 வயதில் ஒரு பல்லும் இல்லை. ஒன்றுகூடச் சொத்தை இல்லை, எல்லாம் ஆடி ஆடி விழுந்தவை. ரோஸ் நிறப் பல்பொடிதான் தேய்ப்பார். கிணற்றடியில் அவர் துப்பினால் சிமென்ட்டில் சிவப்பாகத்தான் ஓடும். அதில் பொடி எது, ரத்தம் எது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? அவருக்கே தெரிந்திருக்காது. சுகரும் இருந்தது அவருக்கு.

அம்மாவிடம் பாண்டிக்குப் போவதைச் சொன்னேன். "க்ளீன் பண்ணாதே, பண்ணினா எல்லாப் பல்லும் ஆடிரும். உங்கப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு" என்கிறாள். அப்பா ஒரு முறைதான் போனார், அதுவும் எல்லாம் ஆடிய பிறகு.

நவம்பர் 2, சனி

சுகர் 8.2. போன வருடம் 7.4. மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை, அரிசியையும் குறைத்தாயிற்று. இது ஏன் ஏறுகிறது?

நவம்பர் 5

எட்டாம் வகுப்புக்கு எழுத்துகளின் பிறப்பு, திருப்புதல். மேல்பல் கீழ் உதட்டோடு சேர வகரம் பிறக்கும். மேல்பல்லின் அடியை நாக்கு நுனி தொடத் தகரமும் நகரமும். 23 வருடமாக இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். இன்று பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடியே மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வ. வ. வ. உதடு அந்தப் பல்லில் பட்டது. "தமிழம்மா, என்ன சொல்றீங்க?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

பல் போனால் சொல் போச்சு என்று எத்தனை முறை வகுப்பில் சொல்லியிருப்பேன். இனி அதைச் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 9, சனி

காலை ஏழு மணி பஸ். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

டாக்டரம்மா முதலில் கேட்டது சுகர் ரிப்போர்ட்டை. ஈறும் சுகரும் ஒன்றையொன்று இழுக்கும் என்றார். சுகர் ஏறினால் ஈறு புண் ஆறாது. ஈறுக்குள் அழற்சி இருந்துகொண்டே இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சுகர் இறங்காது. ஈறை நன்றாகச் சுத்தம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் அந்தச் சராசரி 0.4 அளவுக்குக் குறைவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்களாம். என் கேள்விக்கான பதில் என் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது.

இன்று வலப்பக்கம் மட்டும். ஊசி போட்டதும் உதடு தடித்து மரத்துப்போயிற்று. முதலில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அதிருகிற கருவி, அப்புறம் கையால் சுரண்டுகிற கொக்கி. வலி தெரியவில்லை, ஆனால் வேரைச் சுரண்டுகிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. சட்டி அடியைக் கரண்டியால் வழிப்பது போல. நடுவில் நிறுத்தி, பஞ்சில் ஒன்றை எடுத்துக் காட்டினார். கடுகைப் பாதியாக உடைத்தது போல, கறுப்பாக, சொரசொரப்பாக. ஈறுக்குக் கீழே இருந்தது அது. எத்தனை வருடமாகவோ. நகத்தால் அழுத்தினேன், உடையவில்லை.

திரும்பும்போது கண்டக்டரிடம் "கடலூர்" என்று சொல்ல வரவில்லை. காசை நீட்டினேன், அவராகப் புரிந்துகொண்டார்.

நவம்பர் 10

ஈறு வலிக்கிறது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், இந்த வலி எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அது உயிரோடுதான் இருக்கிறது.

நவம்பர் 12

பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொள்கிறேன். மெத்தென்ற பிரஷ். பல்லின் மேல் இல்லை, பல்லும் ஈறும் சேருகிற கோட்டில், 45 டிகிரி சாய்த்து, இருக்கிற இடத்திலேயே சின்னதாக அசைக்க வேண்டும். ரத்தம் வந்தாலும் அந்த இடத்தை விடக் கூடாது. அந்த இடத்தைத்தான் விடவே கூடாது. பல் சந்துகளுக்குக் குட்டி பிரஷ், சீசா கழுவுகிற பிரஷ்ஷைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருக்கியது போல இருக்கிறது. எல்லாம் முடிய 11 நிமிடம். இவர் கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் 16, சனி

இடப்பக்கம் முடிந்தது. அந்தப் பல்லுக்கு மட்டும் அரை மணி நேரம். எட்டு வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். ஜனவரி 11. அதுவரை ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார். எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். "இப்போ கேக்காதீங்க டீச்சர்."

நவம்பர் 17

நெய்வேலிக்குப் போன் போட்டேன். தம்பி சிரிக்கிறான். "எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்தது இல்லக்கா. அம்மா பல்லு எனக்கு." ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடிக்கிறவன். சிகரெட் ஈறின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடும், உள்ளே எவ்வளவு கெட்டிருந்தாலும் ரத்தம் வெளியே வராது என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். எனக்காவது ரத்தம் எச்சரிக்கை கொடுத்தது. அவனுக்கு அதுவும் கிடையாது. பேச்சை மாற்றி, பாப்பா எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டான்.

நவம்பர் 21

தூக்கம் வரவில்லை. போனில் ஈறு நோயைப் பற்றித் தேடிக்கொண்டே போனதில் ஒரு ஆய்வு கிடைத்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் 480 ஆண் தொழிலாளர்கள், எல்லோரும் தமிழர்கள். 1970-லிருந்து 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அவர்கள் ஈறை அளந்திருக்கிறார்கள். பிரஷ் பழக்கமோ பல் மருத்துவமோ எட்டாதவர்கள். எல்லோர் வாயிலும் படலமும் காரையும் நிறைந்திருந்தன. ஆனாலும் 100-க்கு 8 பேருக்கு எலும்பு வேகமாகப் போனது, 81 பேருக்கு மெதுவாக, 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒன்றும் ஆகவில்லை.

அம்மா அந்தப் பதினொன்றில் ஒருத்தி. அப்பா அந்த எட்டில் ஒருவர். ஒரே வீடு, ஒரே கிணற்றடி. இருவரில் யாருடையது எனக்கு வந்திருக்கிறது என்று கம்பி விட்டு அளக்காமல் தெரிந்துகொள்ள வழியே இல்லை. தம்பிக்கும் இதேதான்.

அந்த 480 பேரை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். உலகம் முழுக்க ஈறு மருத்துவர்கள் படிக்கிற பாடம் அவர்கள் வாயிலிருந்து வந்தது. அவர்கள் பல் என்ன ஆயிற்று?

நவம்பர் 26

குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. சந்து பெரிதாகிவிட்டது. நிஜமாகவே பெரிதாகிவிட்டது, ஈறுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு முக்கோணம் தெரிகிறது. பல் நீளமாகத் தெரிகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள். குளியலறையில் அழுதேன்.

நவம்பர் 27

போன் செய்தேன். வீக்கம் வடிந்தால் ஈறு சுருங்கும், அதுதான் வேண்டியது என்றார். எலும்பு போன இடத்தை வீங்கிய ஈறு மூடி வைத்திருந்தது, இப்போது இருப்பதுதான் உண்மையான அளவு. கூச்சம் போகப் போகக் குறையும். சரி.

நவம்பர் 30, சனி

புயல். காலையிலிருந்து கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிரஷ் செய்தேன், எந்தப் பக்கமும் விடாமல்.

டிசம்பர் 1

பாண்டியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழையாம். டாக்டரம்மாவுக்குப் போன் போகவில்லை.

டிசம்பர் 3

தென்பெண்ணையில் வெள்ளம். பாண்டி ரோட்டில் தண்ணீர். பெரியம்மா வீட்டார் ஆறு பேரும் இங்கேதான். குடிக்கிற தண்ணீரை அளந்து ஊற்றுகிறோம். நான் வாய் கொப்பளிக்க அரை டம்ளர் எடுக்கும்போது பெரியம்மா பார்த்தாள். இப்போது போய் பல்லா என்று அவள் கேட்கவில்லை. எனக்கே அப்படித்தான் இருந்தது. ஆனாலும் எடுத்தேன்.

டிசம்பர் 14

இன்று துப்பியதில் சிவப்பு இல்லை. விளக்கைப் போட்டு மறுபடி பார்த்தேன். இல்லை.

டிசம்பர் 15

இல்லை.

டிசம்பர் 16

கொஞ்சம் இருந்தது. இடது கடைவாய்ப் பக்கம்.

டிசம்பர் 24

வாய் கொப்பளிக்கிற மருந்தை டாக்டரம்மா சொன்ன இரண்டு வாரத்தோடு நிறுத்தாமல், பயத்தில் நானாகவே இன்னொரு சீசா வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தேன். அதன் பலன், பல்லெல்லாம் டீக்கறை போல மஞ்சள் கலந்த பழுப்பு. சாம்பாரில் உப்பு தெரியவில்லை. கறை மேலோட்டமானது, தேய்த்து எடுத்துவிடலாம் என்றார். ஆனால் கடுமையாகவே சொன்னார்: அந்த மருந்து பிரஷ்ஷுக்குப் பதில் இல்லை.

ஜனவரி 10, 2025

நாளை. ஐந்து, நான்கு, ஏழு.

ஜனவரி 11, சனி

அதே கம்பி. கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் வைத்திருந்தேன். மூன்று, இரண்டு, மூன்று. இரண்டு, இரண்டு, மூன்று. அவர் குரலில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பல்லில் கம்பி இறங்கியது எனக்குத் தெரியும், நாக்குக்கு ஒவ்வொரு பல்லும் இப்போது பெயர் சொல்லித் தெரியும்.

மூன்று, மூன்று, ஐந்து.

ரத்தம் 19 இடத்தில். 74 இருந்தது.

எடுக்க வேண்டாம். அந்த ஐந்தை மட்டும் இன்று மறுபடி சுரண்டினார். அடுத்த முறையும் குறையாவிட்டால் ஈறைத் திறந்து உள்ளே பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரவேண்டும், எப்போதும். சந்தை மூடக் கம்பி போடலாமா என்று கேட்டேன். ஈறு முழுதாக அடங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். சுகர் பிப்ரவரியில்.

பஸ் ஸ்டாண்டில் கொய்யா விற்றார்கள். வாங்கினேன், கையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் வெட்டித்தான் சாப்பிட்டேன்.

ஜனவரி 14, பொங்கல்

தம்பி குடும்பத்தோடு வந்திருக்கிறான். கரும்பைக் கடித்தவன், நடுவில் நிறுத்தி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டான். நான் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான்.

ஜனவரி 18, சனி

ஏழு மணி பஸ். ஜன்னலோரம் அவன். ரெட்டிச்சாவடி தாண்டியாயிற்று. "ஊசி போடுவாங்களாக்கா?" என்று இரண்டாவது தடவையாகக் கேட்கிறான்.