தள்ளிவிட்ட ஒன்பது நிமிஷம்

'நாஸ்டால்ஜியா'வை முதல் தடவை பார்த்தபோது ஒரு பாவம் செய்தேன். கடைசியில் ஒருத்தன் மெழுகுவத்தியோடு நடக்கிற காட்சி வந்ததும் ரிமோட்டில் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளிவிட்டேன். ராத்திரி மணி ஒன்றரை, விடிந்தால் ஷிப்ட். நடக்கிறான், சரி, அப்புறம் என்று இருந்தது.

போன வாரம் தள்ளாமல் பார்த்தேன்.

ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கி 1983-ல் இத்தாலியில் எடுத்த படம். ரஷ்யாவிலிருந்து வந்த எழுத்தாளன் கோர்ச்சகோவ். உலகம் அழியப்போகிறது என்று பெண்டாட்டி பிள்ளைகளை ஏழு வருஷம் வீட்டுக்குள் பூட்டிவைத்த தொமெனிக்கோ, ஊரார் கணக்கில் பைத்தியம். அவன்தான் கோர்ச்சகோவிடம் மெழுகுவத்தியைக் கொடுக்கிறான்: இதை அணையாமல் குளத்தின் அந்தக் கரைக்குக் கொண்டுபோ, உலகம் பிழைக்கும்.

தஸ்கனியில் பான்யோ விஞ்ஞோனி என்கிற சின்ன ஊர். நடுவில் சதுக்கம் இருக்கவேண்டிய இடத்தில் வெந்நீர்க் குளம். காட்சியில் தண்ணீரை வடித்திருக்கிறார்கள். சேறும் ஆவியும்தான் மிச்சம்.

கோர்ச்சகோவ் சுவரைத் தொட்டுவிட்டுக் கிளம்புகிறான். வழியில் அணைகிறது. திரும்புகிறான். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் வெட்டியிருப்பார்கள். இங்கே கேமராவும் கூடவே ஆரம்பித்த இடத்துக்கு வருகிறது. மறுபடி பற்றவைக்கிறான், மறுபடி அணைகிறது. அணைந்த திரியோடு திரும்பி நடக்கிற அந்தத் தூரத்துக்கும் நாம் முழு நேரத்தைக் கொடுத்தாக வேண்டும். பின்னணி இசை கிடையாது; காலடியில் தண்ணீர் சளசளக்கிற சத்தம் மட்டும். 'ஆன்மிகத் தேடல்' என்றால் மேகத்தைப் பிளந்து வரும் வெளிச்சத்தையும் கோரஸையும் போடுகிறவர்கள் இதை ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம்.

மூன்றாவது தடவை கோட்டால் மறைத்துக்கொண்டு போகிறான். கேமரா கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, கடைசியில் கையும் சுடரும் மட்டும். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் ஃபேனை நிறுத்தியிருக்கிறேன்! வியர்த்தபிறகுதான் கவனித்தேன்.

மெழுகைச் சொட்டி அந்தக் கரையில் வத்தியை நிறுத்துகிறான். அவன் சரிகிற சத்தம் ஃபிரேமுக்கு வெளியே கேட்கிறது. கேமரா அவனைப் பார்க்கப் போகவில்லை, சுடரிலேயே நிற்கிறது.

முதல் தடவை நான் தள்ளிய தள்ளில் அது இரண்டு முறை அணைந்ததே எனக்குத் தெரியாது. ஒரே நடையில் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றுதான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.