படகுக்காரருக்குப் பேர் என்ன?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டு. அதில் கதையை நடத்தி, வழியில் வருகிற மற்ற எல்லோருக்காகவும் பேசுகிற டன்ஜன் மாஸ்டராக உட்காருகிறவர் வயிற்றில் புளியைக் கரைப்பது டிராகன் இல்லை, "இந்த ஆளுக்குப் பேர் என்ன?" என்ற கேள்விதான்.

அக்கரையில் பாழடைந்த கோட்டை, உள்ளே கல்லறை, அதற்குள் ஒரு கிரீடம், வழியெல்லாம் பொறிகள் என்று எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். ஆற்றைக் கடக்க ஒரு படகுக்காரர் வேண்டுமே, அவரைப் பற்றி என் குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: கிழவர், இருமுவார். மந்திரவாதியாக ஆடுகிற நண்பன் பேரைக் கேட்டான். கையில் இருந்த பேனா மூடியைப் பார்த்து "மூடியன்" என்றேன். "மூடியன் ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறுவாங்க, வருமானம் எப்படி?" என்றான். போச்சு. கொஞ்ச நேரத்தில் கோட்டையை எல்லோரும் மறந்துவிட்டு, படகில் பங்கு வாங்கி, திருடன் பலகை எழுத, கோடரி வீரன் வரிசையை ஒழுங்குபடுத்த, போக்குவரத்துக் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்கள்.

வெள்ளத்தைக் கொண்டுவந்து படகை அடித்துக்கொண்டு போக வைத்திருக்கலாம். எனக்கு அது பிடிக்காது, அப்படிச் செய்வதற்குக் கதையை நானே எழுதி வாசித்துக் காட்டிவிடலாமே. 1969-ல் டேவிட் வெஸ்லி நடத்திய பிரவுன்ஸ்டைன் என்ற போர் விளையாட்டிலும் இதே கூத்துதான்: படைகள் மோத வேண்டிய ஆட்டத்தில் ஊர்க்காரர்களாக ஆடியவர்கள் ஆளுக்கொரு பக்கம் தங்கள் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். ஆட்டம் படுதோல்வி என்று அவர் நினைக்க, வந்தவர்களோ இன்னொன்று நடத்து என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன்தான் பிறகு கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸையே கொண்டுவந்தார்.

நான் கதையை எழுதி வைப்பதில்லை, யாரும் தடுக்காவிட்டால் வில்லன் என்ன செய்வான் என்பதை மட்டும் எழுதி வைப்பேன். இவனுக்குக் கிரீடம் வேண்டும், கிரீடம் அக்கரையில், படகோ இவர்களிடம். ஆக, எலும்புக்கூட்டுப் படையோடு வந்து துறையில் நின்றான்.

"வரிசையில வாங்க" என்றான் கோடரி வீரன். எடை கம்மி என்பதால் எலும்புக்கூடுகளுக்கு அரை டிக்கெட். அதற்குமேல் குறைக்க முடியாது என்று பேரம் பேசி இருபது பக்கப் பகடையை உருட்டினால், 20. 2014 விதிகளின்படி 20 விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதலுக்குத்தான், பேரத்துக்கு இல்லை. ஆனால் மேஜையைச் சுற்றி எழுந்த கூச்சலில் விதிப்புத்தகத்தை யார் திறப்பது?

அப்புறம் நடு ஆற்றில் படகை நிறுத்தி, திரும்பி வருவதற்கான கட்டணத்தையும் இப்போதே வைத்தால்தான் துடுப்புப் போடுவோம் என்றார்கள். அவ்வளவு கனமான கவசம் போட்டவனுக்கு நீச்சல் தெரியாது என்று அந்த நொடியில்தான் முடிவு செய்தேன். வில்லன் காசை எண்ணி வைத்தான்.